சூறையா, சோதனையா, பிரிப்பா: வீட்டுக் கதை எழுத உட்காருகிறவர்களுக்கு

போன மாதம் எங்கள் செட்டிநாட்டு ஆட்கள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் கேட்டது இன்னொருவருக்குத் தெரியாது, அது ஒரே கேள்வி என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

தேவகோட்டைத் தம்பி ஒருவர், பர்மாவிலிருந்து திரும்பிய தன் ஐயா ஆங்கிலத்தில் டைப் அடித்து வைத்திருந்த இழப்பீட்டு மனு ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவருகிறார். 1942-இல் ரங்கூன் கடை ‘ரான்சாக்’ செய்யப்பட்டது என்று அதில் ஒரு வரி. அகராதியில் ‘துருவித் தேடு’ என்றும் இருக்கிறது, ‘சூறையாடு’ என்றும் இருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு போன் போட்டார். அப்புறம் சென்னையில் இருக்கிற ஒரு ஆச்சி. ஊரில் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள், பெட்டகமெல்லாம் திறந்து கிடக்கிறது, என்ன போயிற்று என்று இன்னும் தெரியவில்லை. “புகார்ல கொள்ளைன்னு எழுதிடலாமா?” மூன்றாவது ஆள் பள்ளத்தூர்க்காரர். வீட்டுக்கு நூறு வயது ஆகிறது என்று மலர் போடுகிறார், ஆனால் இன்று பாதி வீடுதான் நிற்கிறது, மீதிப் பாதி எப்படிப் போனது என்கிற அந்த ஒரு பத்தியை மட்டும் எழுத முடியாமல் நாலு மாதமாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால் நான் இதில் ஏற்கெனவே சூடு கண்டவன். ஆறு வருடம் முன்பு எங்கள் வீட்டு மலரில், இரண்டாங்கட்டில் (வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதியில்) இருந்த பதினெட்டு பர்மாத் தேக்குத் தூண்களைப் பற்றி எழுதும்போது “பின்னாளில் வீடு சூறையாடப்பட்டது” என்று போட்டுவிட்டேன். எழுதும்போது காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. மலர் கைக்குப் போன அன்று சாயங்காலமே பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, கூப்பிட்டார். “தூணை வித்தது நான். வித்த காசுல உனக்கும் பங்கு வந்துச்சு. அப்ப நாம ரெண்டு பேரும் சூறைக்காரங்களா?” எனக்குப் பதில் வரவில்லை. பொங்கலுக்குக்கூட அந்த வருடம் பேச்சு இல்லை.

ஆகவே ஒரு வீட்டுக்குள் ஆட்கள் நுழைந்து, தேடி, கலைத்து, எடுத்துப் போவதைச் சொல்ல நம்மிடம் என்னென்ன சொற்கள் இருக்கின்றன, எதை எப்போது எடுப்பது என்று ஒருமுறை உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு விஷயம் பார்க்கிறேன். தேடல் எவ்வளவு, எடுத்தல் எவ்வளவு என்பது முதலாவது. சில சொல்லில் தேடல் மட்டும்தான் இருக்கும், சிலதில் தேடாமலே வாரிக்கொண்டு போவார்கள். இரண்டாவது, நுழைந்தவருக்கு நுழைய உரிமை உண்டா இல்லையா. மூன்றாவது, அவர் போன பிறகு வீடு எப்படிக் கிடந்தது. நான்காவதை யாரும் யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை: அந்தச் சொல்லைப் படிக்கப்போகிறவர் யார், அதில் குற்றவாளிக் கூண்டில் ஏறப்போகிறவர் யார்.

இந்த நான்கில் இரண்டாவதுதான் கனமானது. அது ஏன் என்று புரிய ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

மற்ற மொழிக்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள்

‘ரான்சாக்’ ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை இல்லை. வடக்கே ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழியில் ‘ரன்’ என்றால் வீடு, ‘ஸாகா’ என்பது தேடுதலோடு சேர்ந்தது. ‘ரன்ஸாகா’ என்றால் வீட்டைத் தேடுவது, அவ்வளவுதான். அதுவும் திருடன் செய்வதில்லை, திருட்டுக் கொடுத்தவன் செய்வது. என் பொருள் உன் வீட்டில் ஒளிந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால், சாட்சிகளோடு வந்து முறைப்படி தேடுகிற சட்ட நடவடிக்கைக்கு அந்தப் பெயர். பழைய நார்வேச் சட்டப்படி தேட நுழைகிறவர் இடுப்புக் கச்சையை அவிழ்த்துவிட்டு வெறும் சட்டையோடுதான் உள்ளே போகவேண்டும். எதற்கு? தானே ஒரு பொருளை மடியில் கொண்டுபோய் மூலையில் போட்டுவிட்டு “இதோ கிடைத்துவிட்டது” என்று சொல்லக்கூடாதே, அதற்கு. ரோமானியர்களிடம் இதைவிட வேடிக்கை: தேடுகிறவர் இடுப்பில் ஒரு துணியை மட்டும் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு தட்டையும் ஏந்திக்கொண்டு நுழையவேண்டும். இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் காயுஸ் இதை எழுதிவிட்டு, மொத்தமும் சிரிப்புக்கிடமானது என்று அவரே சொல்லியிருக்கிறார். கை ஒழியாமல் இருக்கத்தான் அந்தத் தட்டோ, கிடைத்த பொருளை வைக்கத்தானோ என்று இரண்டு விளக்கமும் கொடுக்கிறார்.

அந்த ஒரு சொல் பங்காளிகள் மாதிரி ஊருக்கு ஒன்றாகப் பிரிந்து போனதுதான் விசேஷம். ஐஸ்லாந்தில் ‘ரன்ஸோக்ன்’ என்றால் இன்று ஆராய்ச்சி, பல்கலைக்கழகத்தில் செய்வது. நார்வேயில் ‘ரான்சாகிங்’ என்றால் போலீஸ் வந்து வீட்டைச் சோதனை போடுவது. ஸ்வீடனில் தன் மனசாட்சியைத் தானே கேட்டுப் பார்ப்பதற்கும் இதே சொல்லை வைத்துத்தான் பேசுகிறார்கள். ஆங்கிலத்துக்குப் போன கிளை மட்டும் கெட்டுப்போய், அலமாரியைக் கவிழ்த்து வாரிக்கொண்டு ஓடுகிற அர்த்தத்துக்கு வந்துவிட்டது. உரிமையோடு நுழைந்த சொல் உரிமையில்லாமல் வெளியே வந்திருக்கிறது. தேவகோட்டைத் தம்பியின் அகராதியில் இரண்டு அர்த்தமும் அருகருகே நிற்பது இதனால்தான்.

ஜப்பானியர்களும் இதே கட்டடத்தைத் தனியாகக் கட்டியிருக்கிறார்கள். ‘யா’ வீடு, ‘சகாஷி’ தேடல், சேர்த்து ‘யாசகாஷி’ என்றால் வீட்டை ஒரு மூலை விடாமல் தேடுவது. அதே எழுத்தை ‘இயேசகாஷி’ என்று வாசித்தால் குடியிருக்க வீடு தேடுவது, வாடகைக்கு அலைகிறோமே, அது. சீனர்களிடம் ‘சாவ்ஜ்யா’ என்று ஒரு பயங்கரமான சொல் உண்டு. அரசனின் கோபத்துக்கு ஆளானவர் வீட்டுக்குள் அதிகாரிகள் புகுந்து, தேடி, இருப்பதையெல்லாம் பறிமுதல் செய்வது. ‘சாவ்’ என்கிற எழுத்துக்குப் படியெடுத்து எழுதுவது என்றும் பொருள் உண்டு. நம் முறைச்சிட்டை (கல்யாணச் சீர்ப் பட்டியல்) எழுதுகிற மாதிரி ஒவ்வொரு பொருளாகப் பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டு போவதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. சும்மா வீட்டைத் தலைகீழாக்கினால் அதற்குச் சீனத்தில் “பெட்டியைப் புரட்டி அலமாரியைக் கவிழ்த்து” என்று நாலெழுத்துத் தொடர் தனியாக இருக்கிறது.

ஐரோப்பாவில் கொள்ளைச் சொற்கள் சில பண்டத்தின் பெயரிலிருந்து வந்தவை, செயலின் பெயரிலிருந்து இல்லை. ஆங்கிலத்தின் ‘ப்ளண்டர்’ ஜெர்மனிலிருந்து முப்பதாண்டுப் போர்க் காலத்தில் வந்தது. அங்கே ‘ப்ளுண்டர்’ என்றால் பாய், படுக்கை, துணிமணி, தட்டுமுட்டுச் சாமான். இன்றைய ஜெர்மனில் ஓட்டை உடைசல். நகரத்தைச் சூறையாடுவதற்கு ‘ஸாக்’ என்று சொல்வது சாக்குப் பையிலிருந்து, இத்தாலியில் ‘ஸாக்கோ’, 1527-இல் ரோம் நகரத்துக்கு நடந்ததை இன்றும் அந்தப் பெயரில்தான் சொல்கிறார்கள். பிரெஞ்சில் அங்கிக்குப் பெயரான ‘ரோப்’ முதலில் பறித்த பொருளைக் குறித்தது. ஆங்கிலத்தில் ‘ராப்’ என்றால் பறிப்பது, இரண்டும் ஒரு குடும்பம். ஆக எடுத்துப் போனவனையோ எடுத்த விதத்தையோ விட, போன பாய் தலையணையும் அதைப் போட்டுக்கொண்டு போன சாக்கும்தான் அவர்கள் நினைவில் நின்றிருக்கின்றன. ‘லூட்’ மட்டும் இங்கிருந்து போனது. இந்தியிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பல் ஏறியது. சொல்லையும் விட்டுவைக்கவில்லை பாருங்கள்.

நம் அக்கம்பக்கத்து மொழிகளில் தேடலுக்கு எல்லாம் சமையற்கட்டும் கிணற்றடியும்தான். தெலுங்கில் ‘காலிஞ்சு’ என்பது நீரில் அரித்தெடுப்பது, அங்கே போலீஸ் காட்டுக்குள் தேடினாலும் ‘காலிஞ்சு’தான். மலையாளத்தில் ‘அரிச்சுப் பெறுக்குவது’. கன்னடத்தில் துணியை நீரில் அலசுகிற ‘ஜாலாடு’. இந்தியில் பாத்திரம் அலம்புகிற ‘கங்கால்னா’. நாமும் ‘அலசி ஆராய்ந்தோம்’ என்கிறோம். எங்கே போனாலும் தேடுகிறவர் தண்ணீரும் சல்லடையுமாக நிற்கிறார்.

சரி, நம் பெட்டியைத் திறப்போம்.

குடைதல், துருவுதல்

குடைவது வண்டு செய்கிற வேலை. மாங்கொட்டைக்குள், மரத்துக்குள் போவது. பிள்ளையார்பட்டியில் மலையைக் குடைந்து எடுத்த கோயில் இருக்கிறது, அந்தக் குடைதல்தான் இதுவும். துருவுவது தேங்காய்க்கு. இரண்டிலும் எடுத்தல் இல்லை, ஆழம் மட்டும் இருக்கிறது. மேலே தெரியாத ஒன்று உள்ளே இருக்கிறது என்று நம்பி, விடாமல் போவது.

எங்கள் அப்பத்தா விடுமுறைக்கு வருகிற பேரப்பிள்ளைகளைத்தான் இப்படிச் சொல்லும். “ரெண்டு நாளா வளவைக் குடையுதுக.” வளவு என்றால் முற்றத்தைச் சுற்றிய உள்வீடு. பெட்டகத்துக்குள் சீப்பான், மரவை, பர்மா அரக்குப் பெட்டி என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்போம், ஒன்றையும் கொண்டுபோக மாட்டோம், கொண்டுபோனாலும் புளிப்புமிட்டாய் டப்பாதான். வீட்டுப் பிள்ளை செய்தால் குடைச்சல், வேற்றாள் செய்தால் அது வேறு.

இதில் ஒளிந்திருக்கிற செலவு என்னவென்றால் எரிச்சல். குடைதல், நோண்டுதல், துருவித் துருவிக் கேட்டல் எல்லாவற்றிலும் “உனக்கு எதற்கு இது” என்கிற முகச்சுளிப்பு ஒட்டியிருக்கும். வரலாறு தேடி ஒருவர் உங்கள் வீட்டுப் பேரேடுகளைப் பார்த்தார் என்று நன்றியோடு எழுத வந்து, “பேரேடுகளைக் குடைந்தார்” என்று எழுதினால் அவர் அடுத்த தடவை வரமாட்டார். அவருக்கு ‘அலசினார்’ போதும். துருவுதல் கொஞ்சம் பரவாயில்லை, அதில் உழைப்பு தெரியும்.

சோதனை போடுதல்

இதில் உரிமை இருக்கிறது. அல்லது உரிமை இருக்கிறது என்று ஒரு காகிதமாவது இருக்கிறது. வடமொழியில் இது தூய்மை செய்வதைக் குறித்த சொல், நம்மிடம் வந்து பரிசோதனை, சோதனைச்சாவடி, சோதனைக் காலம் என்று பல வேலை பார்க்கிறது. கடவுள் சோதிப்பதும் வருமான வரிக்காரர் சோதிப்பதும் ஒரே வினையில் அடங்குவது தமிழனின் அனுபவம் போலும்.

போலீஸ் சோதனை என்றால் அதற்கு முறை உண்டு, இதைப் புகாரோ கதையோ எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அந்த வட்டாரத்தில் குடியிருக்கிற, இதில் சம்பந்தப்படாத, மரியாதைக்குரிய இரண்டு பேராவது சாட்சியாக இருக்கவேண்டும், வீட்டுக்காரரைக் கூட இருக்க விடவேண்டும், எடுத்ததற்குப் பட்டியல் போட்டு நகல் கொடுக்கவேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 100-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 103. வீடியோவும் எடுக்கவேண்டும் என்று 105-ஆம் பிரிவு சேர்ந்திருக்கிறது. கச்சையை அவிழ்த்துவிட்டு நுழைந்த நார்வேக்காரனும் தட்டேந்தி வந்த ரோமானியனும் பட்ட அதே கவலைதான், தேடுகிறவனே கொண்டுவந்து வைத்துவிடக்கூடாது, இப்போது கேமராவாக வந்திருக்கிறது.

ஆகவே சாட்சியும் பட்டியலும் இருந்தால் சோதனை என்று எழுதுங்கள், உங்களுக்கு அது எவ்வளவு அநியாயமாகத் தெரிந்தாலும். அநியாயத்தை அடுத்த வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளலாம். கோர்ட் ஆணையோடு கடனுக்காகச் சாமான் தூக்கினால் அது ஜப்தி, அதைச் சோதனை என்று மழுப்பவும் வேண்டாம், கொள்ளை என்று கூட்டவும் வேண்டாம். ‘ரெய்டு’ என்கிற சொல்லைப் பொறுத்தவரை எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அது ஆங்கிலத்தில் குதிரையேறிப் போய் மாடு கவர்வது போன்ற வேலைக்குப் பிறந்த சொல். நம் வெட்சித் திணை ஆசாமி. அதை அதிகாரிக்குச் சூட்டி நாம் மரியாதை கூட்டிவிட்டோம்.

கலைத்துப்போடுதல், புரட்டிப்போடுதல்

பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள், “பீரோ உடைக்கப்பட்டு பொருட்கள் சிதறிக் கிடந்தன.” இதில் யார் என்று இல்லை, என்ன போனது என்றும் இல்லை, கண்ணில் பட்டது மட்டும். இதைப் பலர் பலவீனமான சொல் என்று ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்கமாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமலே சொல்ல இதுபோல ஒரு வழி கிடையாது. ரங்கூன் மனுக்காரத் தம்பிக்கும் சென்னை ஆச்சிக்கும் இதுவே பாதிப் பதில்.

செலவு: கோபம் இறங்கிவிடும். பெரிய இழப்பைப் பற்றி எழுதும்போது “கலைந்து கிடந்தது” என்றால் யாரோ அவசரமாகக் கல்யாணத்துக்குக் கிளம்பிப்போன வீடு மாதிரி இருக்கும்.

சூறையாடுதல்

எனக்கு மிகவும் பிடித்த சொல், என்னை மாட்டிவிட்ட சொல்லும் இதுதான். சூறை என்றால் சுழல்காற்று. சூறைக்காற்று, சூறாவளி. காற்றுக்குத் தேடத் தெரியாது. அது பூட்டைத் திறப்பதில்லை, எது வெள்ளி எது பித்தளை என்று பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் சுழற்றி எடுத்து ஊருக்கு வெளியே போடும். ஆகவே இந்தச் சொல்லில் தேடல் பூஜ்யம். கூட்டம் வேண்டும், வேகம் வேண்டும், ஒளிவுமறைவு கூடாது. அகப்பொருள் இலக்கணத்தில் பாலை நில மக்களின் தொழிலாகப் ‘பகற்சூறை’ என்று வருகிறது கவனியுங்கள், பட்டப்பகலில். ராத்திரி சுவரேறிக் குதித்துப் போகிறவன் சூறையாடுவதில்லை. கன்னடத்தில் ‘சூரெ’ என்று இதே சொல் உண்டு, அர்த்தமும் இதுவே.

இதற்கு இன்னொரு முகம் உண்டு, அதனால்தான் ரசிக்கிறேன். கோயில் வாசலில் உடைக்கிற சூறைத் தேங்காய். ஒருவர் வாரி இறைக்க, மற்றவர்கள் பாய்ந்து பொறுக்க, யாருக்கும் வருத்தமில்லை. கொடுப்பவரே அள்ளி விடுகிற சூறையும் இருக்கிறது, பறிப்பவர் ஆடுகிற சூறையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தப் புண்ணியம் கிடையாது. ஆனால் ஸ்வீடனில் ஜனவரி 13 வாக்கில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்ட மிட்டாய்களைப் பிள்ளைகள் பறித்துத் தின்று மரத்தை வெளியே போடுகிற விருந்துக்கு ‘மரச் சூறை’ என்று மொழிபெயர்க்கும்படியான பெயர்தான் வைத்திருக்கிறார்கள். தேங்காய்க்குப் பதில் மிட்டாய்.

எப்போது எழுதலாம்: ஆள் ஓய்ந்த ஊர், காவல் இல்லாத தெரு, கும்பலாக மக்கள். 1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் குண்டு விழுந்ததிலிருந்து 1942 மார்ச் 8-இல் ஜப்பானியர் நகருக்குள் வந்தது வரை நடந்தது அதுதான். மொகல் தெருக் கிட்டங்கிகளை (தங்கித் தொழில் செய்த இடங்களை) பூட்டிவிட்டும் பூட்டாமலும் நம்மவர்கள் கிளம்பினார்கள், நிறையப் பேர் நடந்தே. காலியான நகரம் காற்றில் போனது. அங்கே சூறையாடல் பொருந்தும்.

எப்போது கூடாது: செய்தவரின் பெயர் ஊருக்குத் தெரியும் என்றால். சூறைக்குப் பெயர் கிடையாது. பெயர் உள்ளவரைச் சூறைக்காற்று என்றால் அவர் போன் போடுவார், எனக்கு வந்த மாதிரி.

கொள்ளையடித்தல்

கொள்வதிலிருந்து வந்தது கொள்ளை. எடுத்தல்தான் மையம். தேடினானா, கலைத்தானா என்று அதற்குக் கவலை இல்லை. சிங்களத்தில்கூடக் கொள்ளையடிப்பதற்கு ‘கொல்லகனவா’ என்று நம் சொல்லே போய் உட்கார்ந்திருக்கிறது. அளவு மீறினால் எல்லாமே கொள்ளைதான் நமக்கு: கொள்ளை அழகு, கொள்ளை ஆசை, கொள்ளை நோய்.

இதன் மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று சட்டம். பேச்சில் எல்லாம் கொள்ளைதான், ஆனால் சட்டத்தில் ஆளில்லாத வீட்டில் புகுந்து எடுத்தால் திருட்டு. அடித்தோ மிரட்டியோ எடுத்தால் கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக் கொள்ளை. புதிய தண்டனைச் சட்டத்தில் திருட்டு 303 (வீட்டுக்குள் நடந்தால் 305), கொள்ளை 309, கூட்டுக் கொள்ளை 310. புகாரில் கொள்ளை என்று எழுதிவிட்டு, விசாரிக்கும்போது “யாரும் இல்லைங்க, வீடு பூட்டியிருந்துச்சு” என்றால் அந்த முரணுக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டி வரும். பிரிவைப் போடுவது அவர்கள் வேலை. நடந்ததை எழுதுவதுதான் நம் வேலை.

இரண்டாவது செலவு எழுத்துப்பிழை. கொல்லை, கொள்ளை. “கொள்ளைப்புறத்தில் நாலு தென்னை இருந்தது” என்று ஒரு மலரில் அச்சாகிவிட்டது, அந்த வீட்டுக்காரர் பாவம், இன்றுவரை கேலி ஓயவில்லை.

பிரித்தல்

இதைப் பட்டியலில் யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டீர்கள். நானும் அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் கண்டுபிடித்தேன்.

செட்டிநாட்டில் பெரிய வீடுகள் காணாமல் போனதற்கு வெளியாள் காரணம் என்று நினைப்பவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். தூண், நிலை, கதவு, ரவிவர்மா அச்சுப்படம், எனாமல் தூக்கு, பித்தளைக் குத்துவிளக்கு, யாரோ ஒரு ஆச்சியின் பெயர் வெட்டிய வாளி. எல்லாம் ஏதோ ஒரு வீட்டு வளவிலிருந்து வந்தவை, பெரும்பாலும் அந்த வீட்டுப் பங்காளிகள் கூடிப் பேசி, விலை போட்டு, பணத்தைப் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று பிரித்துக்கொண்ட பிறகு வந்தவை. அறுபது பங்கு உள்ள வீட்டில் ஓடு மாற்ற ஒருவரும் பணம் போடாதபோது, மழை ஒரு பக்கம் இறங்கிவிட்டபோது, அவர்கள் என்னதான் செய்வார்கள்? யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டுக் கிராமங்கள் இருக்கின்றன, ஆனால் பட்டியல் வந்து ஓடு மாற்றாது.

இதற்குத் தமிழில் நம் ஊர் ஆட்களே சொல்கிற வினை ஒன்று இருக்கிறது: “வீட்டைப் பிரிச்சுட்டாங்க.” பாகம் பிரிப்பதும் பிரிப்பதுதான், கூரையை இறக்குவதும் பிரிப்பதுதான். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிற மொழி நமக்கு வாய்த்திருக்கும்போது நான் எதற்குச் சூறைக்குப் போனேன் என்று தெரியவில்லை. நான் மேலே அடுக்கிய எந்த வெளிமொழிச் சொல்லும் இந்த வேலையைச் செய்யாது. அவற்றில் எல்லாம் உள்ளே வருபவன் ஒருவன், வீட்டுக்காரன் இன்னொருவன். இங்கே இருவரும் ஒரே ஆள்.

செலவு: துக்கம் தெரியாது. வெளியூர் வாசகர் இதைப் படித்தால் ஏதோ பந்தல் பிரித்த மாதிரி நினைத்துக்கொள்வார். ஆகவே சொல்லோடு விட்டுவிடாமல் எது எது போனது என்று எண்ணிக்கையோடு எழுதவேண்டும். துக்கம் அந்த எண்ணிக்கையில் இருக்கட்டும்.

ஒரு பார்வையில்

| சொல் | தேடல் | எடுத்தல் | நுழைய உரிமை | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| குடைதல், துருவுதல் | நிறைய | இல்லை | பெரும்பாலும் வீட்டு ஆள் | பிள்ளைகள், பழைய கணக்கு தேடுவது |
| சோதனை | உண்டு | பட்டியலோடு | உண்டு, காகிதத்தில் | போலீஸ், வரித்துறை |
| கலைத்துப்போடுதல் | இருக்கலாம் | சொல்லவில்லை | சொல்லவில்லை | இழப்பு இன்னும் தெரியாதபோது |
| சூறையாடுதல் | இல்லை | எல்லாமே | இல்லை | கும்பல், போர், கலவரம் |
| கொள்ளை | கவலையில்லை | அதுவே மையம் | இல்லை | மிரட்டி எடுத்தது |
| பிரித்தல் | இல்லை | பங்கு போட்டு | முழுக்க உண்டு | பங்காளிகள் விற்ற வீடு |

அந்த மூன்று பேருக்கு

தேவகோட்டைத் தம்பிக்கு நான் சொன்னது: மனுவை முழுசாகப் படியுங்கள். பெட்டியடி (முதலாளி உட்காரும் கணக்கு மேசை) உடைத்து, கைப்பெட்டி திறந்து, பத்திரங்களைத் தேடி எடுத்தார்கள் என்று வருகிறதா, அல்லது திரும்பிப் போனபோது கடையில் ஒன்றும் இல்லை என்று மட்டும் வருகிறதா? படித்தார். முதலாவதுதான். வந்தவர்கள் அரிசி மூட்டையைத் தொடவில்லை, அடகுப் பத்திரங்கள் இருந்த பெட்டியைத்தான் குறிவைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அந்தக் கடைக்கு நடந்தது சூறை இல்லை, காற்று பத்திரம் தேடாது. “கடையைத் துருவிப் பத்திரங்களை எடுத்துப்போனார்கள்” என்று எழுதியிருக்கிறார். ஊர் சூறைபோன நாட்களில் இந்தக் கடைக்கு மட்டும் ஆள் தெரிந்தே வந்திருக்கிறது என்கிற சங்கதி எண்பது வருடம் கழித்து ஒரு வினைச்சொல்லைத் தேடும்போது வெளியே வந்தது. ஐயாவுக்கு அது தெரிந்திருக்கும், ஆங்கிலம் அவரை மழுப்ப வைத்துவிட்டது.

ஆச்சிக்கு: “முன்கதவுப் பூட்டு உடைந்திருந்தது, இரண்டு பெட்டகம் திறந்து சாமான்கள் தரையில் கிடந்தன, என்ன குறைகிறது என்று கணக்குப் பார்த்துப் பட்டியல் தருகிறேன்.” அவ்வளவுதான். திருட்டு, கொள்ளை இரண்டையும் எழுதவேண்டாம் என்றேன். “அதெப்படி, கொள்ளை போயிருக்குல்ல?” என்று கேட்டார். கல்யாணத்துக்கு எழுதிய முறைச்சிட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போய் அதை வைத்துச் சரிபாருங்கள் ஆச்சி என்றேன். இருந்தது. போனது மூன்று வெள்ளிக் கிண்ணமும் ஒரு குத்துவிளக்கும். ஓலைக் கொட்டானை ஒருவரும் தொடவில்லை.

பள்ளத்தூர்க்காரருக்கு நான் எதுவும் சொல்லவில்லை, எங்கள் மலரின் மறுபதிப்பை அனுப்பிவைத்தேன். அதில் அந்த வரியை நான் இப்படி மாற்றி எழுதியிருந்தேன்: “1987-இல் பங்காளிகள் கூடிப் பேசி இரண்டாங்கட்டைப் பிரித்தார்கள். பதினெட்டுத் தூணும், நான்கு நிலையும், முற்றத்துக் கல்லும் விற்கப்பட்டன.” அச்சுக்குப் போகும் முன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம், “பதினெட்டு இல்லப்பா, பதினாறு. ரெண்டு தூண் செல்லரிச்சு முன்னாடியே விழுந்துடுச்சு” என்றார். திருத்திவிட்டேன்.